சிங்கக்கொடியும் கறுப்புக்கொடியும்: பெப்ரவரி நான்காந் திகதியின் கதை

தொண்ணூறுகளில் பத்திரிகைக் காரியாலயமொன்றில் பெப்ரவரி 3 ஆந் திகதி இரவுப்பணியில் இருந்தவர்களுக்கு ஓர் அனுபவம் பொதுவானது. சுதந்திரதின விசேட அனுபந்தத்திற்கான தலைவர்களின் வாழ்த்துச் செய்திகள் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மாலையிலேயே வந்து சேர்ந்துவிடும். தமிழ்ச் செய்தியோ நள்ளிரவு நெருங்கும்வரை வராது. ஈற்றில் நாமே மொழிபெயர்த்து, 'அனைத்து இன மக்களும்' என்று தொடங்கும் அந்த வாக்கியத்தை அச்சுக்கு அனுப்புவோம். இந்நாளின் பூர்வீகத்தை நான் தேடிப் படிக்கத் தொடங்கியது அத்தகைய இரவுகளுக்குப் பின்னர்தான்.

1948 பெப்ரவரி 4, புதன்கிழமை. பிரித்தானியப் பாராளுமன்றம் 1947 டிசம்பரில் நிறைவேற்றிய இலங்கைச் சுதந்திரச் சட்டம் அன்று நடைமுறைக்கு வந்தது. கடைசித் தேசாதிபதியாக இருந்த சேர் ஹென்றி மூர் அன்றே முதலாவது மகாதேசாதிபதியானார். மனிதர் மாறவில்லை, பதவியின் பெயர் மட்டுமே மாறியது. டி.எஸ்.சேனநாயக்கா பிரதமர். பெப்ரவரி 10 ஆந் திகதி குளோஸ்டர் கோமகன் டொரிங்டன் சதுக்கத்தில் சுதந்திர இலங்கையின் பாராளுமன்றத்தை வைபவரீதியாகத் திறந்துவைத்தார். கண்டி மகுல் மடுவவை ஒத்த தூண்களுடன் சுதந்திர ஞாபகார்த்த மண்டபம் பிற்பாடு எழுந்ததும் அவ்விடத்திலேயே.

இடதுசாரிகள் அவ்விழாவைப் பகிஷ்கரித்தனர். இது போலிச் சுதந்திரம் என்பது அவர்களது வாதம். அதில் நியாயம் இல்லாமலில்லை. திருகோணமலைத் துறைமுகமும் கட்டுநாயக்கா விமானத்தளமும் பிரித்தானியர் வசமே இருந்தன. அந்தக் காரணத்தையும் காட்டியே சோவியத் ஒன்றியம் இலங்கையின் ஐ.நா. அங்கத்துவத்தைத் தடுத்து வந்தது. 1955 டிசம்பரில்தான் அது கிட்டியது.

ஆயினும் தமிழர் மனதில் அந்நாளைக் கசக்கச் செய்தவை வேறு. முதலாவது, கொடி.

சுதந்திரத்திற்குச் சில வாரங்களே இருக்கையில், 1948 ஜனவரி 16 ஆந் திகதி, கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரமராஜசிங்கனின் சிங்கக்கொடியே தேசியக் கொடியாதல் வேண்டும் என்ற பிரேரணை பாராளுமன்றத்தில் முன்வைக்கப்பட்டது. கொண்டுவந்தவர் மட்டக்களப்பு உறுப்பினர் ஏ.சின்னலெப்பை என்ற முஸ்லிம் பிரமுகர். கிழக்கிலங்கையின் தமிழ் பேசும் உறுப்பினர் ஒருவரே இதனைப் பிரேரித்தார் என்பதை இன்று சிங்களவரும் நினைவுகூர்வதில்லை, தமிழரும் நினைவுகூர்வதில்லை.

அந்த மன்னனின் கதையும் விசித்திரமானது. அவன் மதுரை நாயக்கர் வழிவந்தவன்; இயற்பெயர் கண்ணுசாமி. 1815 இல் பிரித்தானியரிடம் சிறைப்பட்டு வேலூருக்கு நாடுகடத்தப்பட்டு, 1832 இல் அங்கேயே மாண்டான். அவனது ஆட்சியை முடித்துவைத்த கண்டி ஒப்பந்தத்தில் பிரதானிகள் சிலர் தமிழ் எழுத்தில் கையொப்பமிட்டிருந்தனர். இங்கிலாந்துக்குக் கொண்டுசெல்லப்பட்ட கொடி செல்சி அரச மருத்துவமனையில் இருப்பதை ஈ.டபிள்யூ.பெரேரா கண்டறிந்து உலகுக்கு அறிவித்தார். அதன்பின் அது சிங்களத் தேசியவாதத்தின் சின்னமாயிற்று. தென்னிந்திய வம்சத்து அரசன் ஒருவனின் கொடி தமிழரை அந்நியப்படுத்தும் கொடியாக மாறியதை வரலாற்றின் பரிகாசம் என்றே நான் கருதுகிறேன்.

கொடி பற்றி ஆராய நியமிக்கப்பட்ட குழுவில் ஜி.ஜி.பொன்னம்பலமும் எஸ்.நடேசனும் இடம்பெற்றனர். சிங்கத்தின் பக்கத்தில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்குமாகச் செம்மஞ்சள், பச்சை ஆகிய இரு பட்டிகளைச் சேர்ப்பது என்று முடிவாயிற்று. பொன்னம்பலம் இணங்கினார். நடேசன் இணங்கவில்லை, இக்கொடி தேசிய ஒற்றுமையின் சின்னமாக அமையாது என்பது அவரது நிலைப்பாடு. 1951 மார்ச் 2 இல் கொடி ஏற்கப்பட்டது. அதனைச் சற்று உற்று நோக்குங்கள்: வாளேந்திய சிங்கத்திற்குத் தனிச் சட்டகம், பட்டிகளுக்கு வேறொரு சட்டகம்.

இரண்டாவது, குடியுரிமை. சுதந்திரம் கிடைத்த அதே ஆண்டில் நிறைவேறிய பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப்பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1947 தேர்தலில் வாக்களித்து எஸ்.தொண்டமான் போன்றோரைப் பாராளுமன்றம் அனுப்பிய தோட்டத் தொழிலாளருக்கு அடுத்த தேர்தலில் வாக்கில்லை. இப்பிரச்சினையில் தமிழ்க் காங்கிரஸிலிருந்து பிரிந்த செல்வநாயகம் 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார்.

அக்கட்சியே, தனிச்சிங்களச் சட்டம் வந்த மறுவருடம், 1957 பெப்ரவரி 4 ஐத் துக்கதினமாக அனுட்டிக்குமாறு கேட்டது. திருகோணமலையில் மணிக்கூட்டுக் கோபுரத்தில் கறுப்புக்கொடி ஏற்ற முயன்ற நடராசன் என்ற இளைஞர் சுட்டுக் கொல்லப்பட்டார். அன்று அந்நகரின் துறைமுகத்தில் பிரித்தானியக் கடற்படைத்தளம் இருந்தது. அவ்வாண்டின் பிற்பகுதியில்தான் அது கையளிக்கப்பட்டது. அந்நியப் படை நிலைகொண்டிருந்த ஊரில், சுதந்திர தினத்தில், கொடிக்காக ஓர் உயிர் போயிற்று.

1972 இல் குடியரசானதும் மே 22 முதன்மை பெற்றது. ஜே.ஆர்.ஜெயவர்தனா 1978 பெப்ரவரி 4 இல் காலிமுகத்திடலில் முதலாவது நிறைவேற்று ஜனாதிபதியாகப் பதவியேற்று இந்நாளுக்கு மீண்டும் மகிமை தேடினார். ஐம்பதாவது ஆண்டு விழா 1998 இல் கண்டியில் நடைபெறவிருந்தது. ஜனவரி 25 இல் தலதா மாளிகையில் குண்டு வெடித்ததால் அது கொழும்புக்கு மாற்றப்பட்டது. இளவரசர் சார்ள்ஸ் பிரதம விருந்தினர். சடங்குகள் பெரிதும் மாறுவதில்லை: கொடியேற்றம், மகுல் பெர முழக்கம், ஜயமங்கல காதா, மௌன அஞ்சலி, படை அணிவகுப்பு, கடற்படையின் பீரங்கி வேட்டுகள், கைதிகளுக்குப் பொதுமன்னிப்பு.

தேசிய கீதத்தின் கதை தனியே எழுதவேண்டியது. ஆனந்த சமரக்கோனின் பாடலைப் புலவர் மு.நல்லதம்பி தமிழாக்கினார். வடக்கு கிழக்குப் பாடசாலைகளில் நெடுங்காலம் அதைத்தான் பாடினார்கள். ஆனால் கொழும்பு அரச விழாவில் அது ஒலிக்க 2016 வரை பல தசாப்தங்கள் காத்திருக்க வேண்டியிருந்தது.

அதற்கு முந்திய ஆண்டு, 2015 இல், இரா.சம்பந்தன் சுதந்திரதின வைபவத்தில் போய் அமர்ந்தார். தமிழர் தரப்பிலேயே கடுங்கண்டனம் எழுந்தது. நடராசன் வீழ்ந்த திருகோணமலையின் பிரதிநிதி அவர் என்பதைச் சிலர் சுட்டிக்காட்டவும் செய்தனர். 2020 விழாவில் தமிழ்க் கீதம் பாடப்படவில்லை. 2023 இல் எழுபத்தைந்தாவது ஆண்டு விழா காலிமுகத்திடலில் நடந்த அதேநாளில், யாழ். பல்கலைக்கழக மாணவர்கள் கறுப்புக்கொடிகளுடன் கிழக்கு நோக்கி நடக்கத் தொடங்கினார்கள்.