லாரி ஊரும் ஒரு கேள்வித்தாளும்

நாமக்கல் என்றால் கோட்டை, ஆஞ்சநேயர், முட்டை, லாரி. இந்த நான்கையும் பற்றி நானே இங்கே பலமுறை எழுதிவிட்டேன். ஐந்தாவதாக ஒரு விஷயத்திலும் நம் பெயர் டெல்லி வரைக்கும் போயிருந்தது. எய்ட்ஸ் தடுப்பு வேலைக்காக மாவட்டங்களைத் தரம் பிரித்தபோது நாமக்கல்லும் சேலமும் 'ஏ' பிரிவில் இருந்தன. பரிசோதனைக்கு வரும் கர்ப்பிணிகளில் நூற்றுக்கு ஒருவருக்கு மேல் எச்.ஐ.வி. இருந்தால் அந்தப் பிரிவு. இதைப் பற்றி நம் வயதுக்காரர்கள் யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. திண்ணையில் குரலைத் தாழ்த்திப் பேசியதோடு சரி.

நான் வேலைக்குச் சேர்ந்தது சேலம் மாவட்டத்தில், ஓய்வு பெற்றது நாமக்கல் மாவட்டத்தில். ஊர் மாறவில்லை, 1997 ஜனவரி முதல் தேதி மாவட்டம்தான் மாறியது. மானாவாரி நிலம், அடிக்கடி பொய்க்கிற மழை. சோளமும் கடலையும் கைகொடுக்காத குடும்பங்கள் லாரிக்குத் திரும்பின. நாமக்கல்லில் பாடி கட்டும் பட்டறைகள், சங்ககிரியில் லாரிகள், திருச்செங்கோட்டில் ரிக் வண்டிகள். என்னிடம் படித்த பையன்களில் பாதிப்பேர் கிளீனராகப் போய் டிரைவரானவர்கள். 'லைன்' போனால் இருபது நாள், முப்பது நாள். ரிக் வண்டியில் போனவன் மத்தியப் பிரதேசத்தில் மாதக்கணக்கில் கிடப்பான். இருபது வயதில் கையில் காசு, பக்கத்தில் கேட்க ஆளில்லை. இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

இந்த நோய் இந்தியாவில் முதலில் கண்டுபிடிக்கப்பட்டது நம் மாநிலத்தில்தான். சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமன், தன் மாணவி நிர்மலாவை பாலியல் தொழில் செய்த பெண்களின் ரத்த மாதிரிகளைச் சேகரிக்கச் சொன்னார். அந்தப் பெண்கள் அப்போது அரசின் காப்பகத்தில் அடைபட்டிருந்தவர்கள். மாதிரிகள் வேலூர் சி.எம்.சி.யில் சோதிக்கப்பட்டன, சிலவற்றில் கிருமி இருந்தது. 1986-ல் அமைச்சர் எச்.வி. ஹண்டே சட்டசபையில் அறிவித்தார். அந்த மாணவி செய்தது பெரிய காரியம், சந்தேகமில்லை. ஆனால் அதற்கு ஒரு பின்விளைவும் இருந்தது. எங்கே போர் போடுகிறோமோ அங்கேதான் தண்ணீர் தெரியும். முதலில் பார்த்தது அந்தப் பெண்களிடம் என்பதால், 'அது அந்த மாதிரிப் பொம்பளைங்க நோய்' என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. அவர்களிடம் போனவன் எவன், அவன் வீடு எங்கே என்ற கேள்வி எழவே இல்லை. கிருமி இருந்த பெண்களைத் தண்டனைக் காலம் முடிந்த பிறகும் காப்பகத்திலேயே வைத்திருந்தார்கள். ஷியாமளா நடராஜ் என்ற பத்திரிகையாளர் உயர் நீதிமன்றம் போய்தான், 1990 வாக்கில், அவர்கள் வெளியே வந்தார்கள்.

டாக்டர்களின் வேலை ரத்தக் குழாயோடு முடிந்துவிடும். அதற்குப் பிறகு வந்தவர்கள் சமூக ஆராய்ச்சிக்காரர்கள். 1994-ல் மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் வந்தது. அடுத்த ஆண்டு, சென்னை அடையாறு வி.எச்.எஸ். மருத்துவமனை வழியாக, அமெரிக்க உதவியோடு 'ஏபேக்' என்ற திட்டம் வந்தது. இவர்கள் 1996 முதல் ஆண்டுதோறும் ஒரு கேள்வித்தாளைத் தூக்கிக்கொண்டு டிரைவர்களிடமும் கிளீனர்களிடமும் ஆலைத் தொழிலாளர்களிடமும் போனார்கள். பெயர் எழுதுவதில்லை. என் பழைய மாணவன் ஒருவன் ஒருமுறை இப்படிப் பதில் சொன்னதாகச் சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னான்: "அப்பனாட்டம் நான் மறைச்சு வெச்சதையெல்லாம் கணக்குப் பரீட்சையாட்டம் கேக்கறாங்க சார்."

அந்தக் கேள்விகளில் ஒரு சூட்சுமம் உண்டு. 'நீ எப்போதும் உறை போடுவாயா' என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். பள்ளிக்கூடத்தில் 'தினமும் படிக்கிறாயா' என்று கேட்பது மாதிரிதான். அதனால் அவர்கள், 'கடைசித் தடவை போட்டாயா' என்று கேட்டார்கள். கடைசித் தடவை என்றால் நாள் ஞாபகம் வரும், இடம் ஞாபகம் வரும், பொய் சொல்ல நாக்கு கொஞ்சம் தயங்கும். முப்பது வருடம் வாத்தியாராக இருந்தும் இப்படிக் கேட்க எனக்குத் தோன்றியதில்லை! இப்படி வருடாவருடம் கேட்டதில், வெளியே போகிற டிரைவர்களிடம் உறைப் பழக்கம் கூடிக்கொண்டே வருவது தெரிந்தது. சாலையோர டீக்கடையிலும் பங்கிலும் நடந்த பிரச்சாரம் வீண் போகவில்லை.

சாலையில் மாறியது வீட்டுக்குள் வரவில்லை. 1968-ல் நிரோத் வந்தபோது அது குடும்பக் கட்டுப்பாட்டுச் சாமான். நம் பக்கத்திலோ இரண்டாவது பிள்ளையோடு பெண்ணுக்கு ஆபரேஷன் செய்துவிடுவது வழக்கம். ஆபரேஷன் ஆன வீட்டில் உறைக்கு என்ன வேலை? லைன் முடிந்து வந்த புருஷன் அதைக் கையில் எடுத்தால், தான் எங்கே போய் வந்தான் என்று தானே வாக்குமூலம் கொடுத்த மாதிரி. பொஞ்சாதி கேட்டால் அவனைச் சந்தேகப்பட்ட மாதிரி. ஆகவே இரண்டு பேருமே பேசவில்லை. கிருமி வீட்டுக்கு வந்த வழி இதுதான்.

நடுவில், 2003-ல் 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' என்று சுவரெல்லாம் விளம்பரம் வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அதுவரை வாயில் வராத சொல் டீக்கடைக்கு வந்தது. அந்த வகையில் நல்லதுதான். ஆனால் எங்கள் பள்ளியில் ராஜா என்று பெயர் வைத்த பையன்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. புள்ளிராஜா என்று ஒரு பொறுக்கியைக் காட்டியதால், 'நான் அவன் இல்லையே' என்று நல்ல குடும்பத்து டிரைவர் நிம்மதியாக இருந்துவிட்டான் என்பது என் கட்சி.

2000-க்குப் பிறகு அரசு மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளுக்கு எச்.ஐ.வி. பரிசோதனை பரவலாயிற்று. குழந்தைக்குப் போகாமல் தடுக்க மருந்து இருந்ததால் அவசியமான ஏற்பாடு. ஆனால் குடும்பத்தில் முதலில் சோதிக்கப்பட்டவள் மனைவி. புருஷனிடமிருந்து வந்தது மனைவியின் ரத்தத்தில் தெரிந்தது, பழியும் அவள் தலையில் விழுந்தது. தமிழ்நாட்டுப் பேறுகாலம் பற்றி ஏற்கெனவே ஆராய்ந்த சிசிலியா வான் ஹாலன் என்ற அமெரிக்க மானிடவியல் அறிஞர், எச்.ஐ.வி. உள்ள நம் தாய்மார்களிடம் பேசி 2013-ல் ஒரு நூல் எழுதினார். முதலில் தெரிந்தவளே முதல் குற்றவாளியாகிற இந்தக் கதை அதில் விரிவாக இருக்கிறது.

எனக்கு அது புத்தகத்தில் படித்துத் தெரிய வேண்டியதாக இல்லை. எங்கள் ஊரில் ஒரு வீட்டில் மருமகளுக்கு ஏழாம் மாதம் தெரிந்தது. மாமியார் என்னிடம் வந்து, "அவன் மேல ஒரு குத்தமும் இல்லீங்க வாத்தியாரய்யா. இவ வந்த நேரந்தானுங்க" என்றார்.

"உங்க பையன் லாரியில ஏறிப் பத்து வருசமாச்சுங்கம்மா. இவ உங்க வாசப்படி ஏறி ரெண்டு வருசங்கூட ஆகல" என்றேன்.

அந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "அது எனக்குத் தெரியாதுங்களா? இவளைச் சொன்னா இவளோட போயிருமுங்க. அவனைச் சொன்னா எங்க குடும்பத்துப் பேருங்க. கட்டிக்குடுக்க இன்னொருத்தி வீட்டுல இருக்காளுங்களே" என்றார்.

அறியாமை என்று நாம் எழுதிவைக்கிறோம். இது அறியாமை இல்லை, கணக்கு. எந்தத் துண்டுப் பிரசுரமும் இந்தக் கணக்கை மாற்றியிருக்காது.

மாற்ற முயன்றவர்களில் முக்கியமானவர் நம் நாமக்கல் பக்கத்துப் பெண். பெ. கௌசல்யா, லாரி டிரைவரான கணவரிடமிருந்து இந்த நோயைப் பெற்றவர். வெளிப்படையாகப் பெயரையும் முகத்தையும் காட்டிப் பேசினார். 1998-ல் தன்னைப் போன்ற சில பெண்களோடு சேர்ந்து சென்னையில் 'பாசிட்டிவ் விமன் நெட்வொர்க்' அமைப்பைத் தொடங்கினார். கணவன் இறந்தபின் மாமியார் வீட்டிலிருந்து வெறுங்கையோடு அனுப்பப்பட்ட பெண்களுக்கு மருந்தைவிட முதலில் தேவைப்பட்டது சொத்தில் பங்கும் பிள்ளைக்குப் பள்ளியும் என்று அந்தப் பெண்கள்தான் சொன்னார்கள். நம் ஊரில் அந்தப் பெயருக்கு ஒரு தெரு இல்லை, பரவாயில்லை. பாடத்தில் ஒரு பத்தியாவது இருக்கலாம்.

2004 ஏப்ரல் முதல் தேதி அரசு இலவச மருந்து கொடுக்கத் தொடங்கியது. அதற்கு முன் நம் பக்கத்தார் தாம்பரம் சானடோரியத்துக்குத்தான் போவார்கள், பலர் திரும்பவில்லை. பிறகு நாமக்கல்லிலேயே மருந்து கிடைக்க ஆரம்பித்தது. மாத்திரையை விடாமல் சாப்பிட்டால் பேரன் பேத்தி எடுக்கலாம் என்றாகிவிட்டது. புதிதாக நோய் வருவதும் வெகுவாகக் குறைந்துவிட்டது. வேலையிலும் பள்ளியிலும் இவர்களை ஒதுக்கக் கூடாது என்று 2017-ல் சட்டமே வந்தது.

நான் சொன்ன அந்த மருமகள் இருக்கிறார். புருஷன் அப்போதே போய்விட்டான். குழந்தைக்கு நோய் இல்லை, கல்லூரி முடித்துவிட்டது. மாமியாரையும் கடைசிவரை இவர்தான் பார்த்துக்கொண்டார். மாத்திரையை மட்டும் இன்னும் ஈரோடு போய்தான் வாங்குகிறார். "இங்கயே குடுக்கறாங்களேம்மா, எதுக்கு ரெண்டு பஸ் மாறிப் போறீங்க?" என்று போன மாதம் கேட்டேன். "பையனுக்குப் பொண்ணு பாக்கறமுங்க சார். பஸ்ஸுல யாராச்சும் கேட்டா கண்ணாஸ்பத்திரிக்குன்னு சொல்லிக்குவனுங்க" என்றார்.