காந்தத் தூண்டல் சிகிச்சை (வலிப்பு நோய்)

காந்தத் தூண்டல் சிகிச்சை என்பது, தலையருகே வைத்த கம்பிச்சுருளில் மின்னோட்டத்தை நொடிப்பொழுதில் மாற்றி, அதனால் எழும் காந்தப்புலத்தின் வழியே மூளைப் புறணியில் சிறு மின்னோட்டத்தை உண்டாக்கும் மருத்துவ முறை. அறுவையோ மயக்க மருந்தோ தேவையில்லை. 1985இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் அந்தோணி பார்க்கர் குழுவினர் இதைச் செய்துகாட்டினர். நொடிக்கு ஒன்றோ அதற்கும் குறைவாகவோ தரப்படும் துடிப்புகள் பொதுவாகப் புறணியின் கிளர்ச்சியைத் தணிக்கும், வேகமானவை கூட்டும். வலிப்பு என்பது நரம்பணுக்களின் கட்டுமீறிய கிளர்ச்சி. எனவே, மருந்துக்கு அடங்காத ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நோயாளிகளுக்கு மெதுவான துடிப்புகள் உதவக்கூடும் என்ற எதிர்பார்ப்பு நியாயமானதே.

ஆய்வு முடிவுகள் முரண்படுகின்றன. 2006இல் வெளியான ஃப்ரெக்னி குழுவின் ஆய்வில், புறணி உருவாக்கக் குறைபாடுள்ள 21 பேரில் போலித் தூண்டல் அல்லாமல் மெய்ச் சிகிச்சை பெற்றவர்களுக்கு வலிப்பு கணிசமாகக் குறைந்தது. 2007இல் இத்தாலியின் கான்டெல்லோ குழு 43 பேரிடம் உச்சந்தலையில் வட்டச் சுருளை வைத்துச் சோதித்தபோது, வலிப்பின் எண்ணிக்கையில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. இதைக் கொண்டு முறையையே தள்ளிவிடுவது அவசர முடிவு. வழக்கமான சுருளின் புலம் சில சென்டிமீட்டர் ஆழத்திற்குள் வலுவிழப்பதால், மேற்பரப்பில் உள்ள வலிப்பு மையத்தை நேரே குறிவைப்பதும் பொதுவாக உச்சியில் செலுத்துவதும் ஒன்றல்ல. ஆழத்திலுள்ள ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப் பகுதியை அப்புலம் எட்டுவதும் அரிது. தூண்டலே வலிப்பை வரவழைக்காதா என்ற அச்சத்திற்கு அடிப்படை உண்டு என்றாலும், மெதுவான துடிப்பில் அது அரிது. சிறிய ஆய்வுகளே இருப்பதால் சான்று போதாது என்ற மறுப்புதான் வலுவானது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2008இல் மனச்சோர்வுக்கு இம்முறையை அனுமதித்தது. வலிப்பு நோய்ச் சிகிச்சையாக அனுமதிக்கவில்லை.