கொழுப்பும் சுண்ணமும்: குவைத்து மரக்கலங்களின் அடிப்பூச்சும் அதன் பெயரும்

வளைகுடா நாடுகளுக்கும் தென்னிந்தியாவுக்கும் இடையிலான கடல்வழித் தொடர்பை ஆராய்வோர் முத்து, தேக்கு, தென்னங்கயிறு, அண்மைக்காலத் தொழிலாளர் பெயர்வு ஆகியவற்றைப் பற்றி விரிவாக எழுதியுள்ளனர். அடுப்பில் உருக்கிய விலங்குக் கொழுப்பு அவ்வரிசையில் இடம்பெறுவதில்லை. ஆயினும் மலபார்த் தேக்கில் கட்டப்பட்ட குவைத்து மரக்கலங்கள் நெடுங்காலம் உழைத்ததற்கு அதுவும் ஒரு காரணமாகும்.

மாடு, ஆடு, ஒட்டகம் ஆகியவற்றின் கொழுப்பை உருக்கி வடித்ததை அரபியர் ‘வதக்’ என்பர். இல்லங்களில் சமையலுக்கும் பயன்பட்ட இதனுடன் ‘நூரா’ என்னும் சுண்ணாம்பைப் பிசைந்து, கலத்தின் நீரில் அமிழும் பகுதியில் மாலுமிகள் கையாலேயே தேய்த்துப் பூசினர். சுண்ணாம்பும் கொழுப்பும் சேர்ந்தால் நீரில் கரையாத ஒருவகைச் சவர்க்காரம் உண்டாகும். மரத்தைத் துளைக்கும் கடற்புழுவை இப்படலம் தடுத்தது. பூச்சு தேயத் தேய, கலத்தைக் கரையேற்றி மீண்டும் பூச வேண்டியிருந்தது. நீர்மட்டத்துக்கு மேலுள்ள பலகைகளுக்குச் சுறாமீன் எண்ணெயே உரியது. 1938-39இல் குவைத்து மரக்கலமொன்றில் பயணம் செய்த ஆலன் வில்லியர்ஸ் இப்பணியை நேரில் கண்டு எழுதியுள்ளார்.

இதற்கு முற்பட்ட சான்றுகள் வேறுபடுகின்றன. 1183இல் செங்கடல் துறையான ஐதாபுக்கு வந்த இப்னு ஜுபைர், கயிற்றால் தைத்த கலங்களுக்கு நெய், ஆமணக்கெண்ணெய், சுறா எண்ணெய் ஆகியன பூசப்பட்டதாகவும், அவற்றுள் சுறா எண்ணெயே சிறந்தது எனவும் குறிக்கிறார். ஓர்முசில் மார்க்கோ போலோ கண்டது மீனெண்ணெய். இவ்விருவர் குறிப்பிலும் சுண்ணாம்பு இல்லை.

தமிழாய்வாளரின் கருத்தை ஈர்ப்பது இக்கலவையின் பெயர். குவைத்து மாலுமிகள் இதனை ‘ஷூனா’ என்றனர். ‘சுண்ணம்’ என்னும் சொல் உடனே நினைவுக்கு வருவது இயல்பே. சொல் கப்பலேறிச் சென்றது என மகிழவும் தோன்றும். ஆயினும் ஒலியொப்புமை ஒன்றையே சான்றாகக் கொள்வது அவசரமாகும். ‘சுண்ணம்’, ‘சுண்ணாம்பு’ ஆகிய இரண்டிலும் உள்ள மகர ஒலி குவைத்து வழக்கில் இல்லை; அவ்வகையில் அது இந்தியின் ‘சூனா’, குசராத்தியின் ‘சூனோ’ ஆகியவற்றுக்கே நெருக்கமானது. கட்சு, குசராத்துத் துறைகளோடு வளைகுடா வணிகர் கொண்டிருந்த நெடிய உறவும் இதற்கு இசைவானது. எனினும் இங்கும் ஒரு தடை உண்டு. வளைகுடா அரபு வழக்கில் ‘ச்ச’கர ஒலி இயல்பாகவே வழங்குகிறது, அங்குள்ளோர் ‘கல்ப்’ (நாய்) என்பதைச் ‘சல்ப்’ என்றே ஒலிப்பர். அவ்வாறாயின் ‘சூனா’ எதற்காக ‘ஷூனா’வாகத் திரிய வேண்டும்? அவ்வொலி இல்லாத வேறோர் அரபு வழக்கின் ஊடாக இச்சொல் வந்திருக்கலாம். இந்தியத் தொடர்பே இல்லாத தனிச்சொல்லாகவும் இருக்கலாம். ஓமான், பகுரைன், சூர்த் துறைகளின் தச்சர் வழக்குச் சொற்களைத் தொகுத்து ஒப்பிடாமல் இவற்றுள் ஒன்றைத் துணிதல் இயலாது.

அத்தொகுப்புக்குக் காலம் குறைவு. கண்ணாடியிழைப் படகுகளுக்குக் கொழுப்பும் சுண்ணாம்பும் தேவையில்லை. குவைத்தில் 1986 முதல் நடைபெறும் முத்துக்குளிப்பு நினைவுப் பயணங்களுக்கு முன்னர், இளைஞர்கள் கடற்கரையில் கூடி மரக்கலங்களுக்கு ‘ஷூனா’ பூசுகின்றனர்; இன்று அச்சொல் பெரும்பாலும் அந்நாள்களிலேயே ஒலிக்கிறது.