பெயர் எழுதப்படாத உருவங்கள்



கூடலூரில் நான் தலைமையாசிரியனாக இருந்த காலத்தில், ஒருநாள் வகுப்பினுள் நுழைந்தபோது கரும்பலகையில் என் உருவத்தைக் கண்டேன். குடைக் காம்பினும் நீண்ட மூக்கு. நெற்றிக்கு ஏறிய கண்ணாடி. வரைந்த மாணவனைப் பெஞ்சியின்மேல் நிற்கச் செய்தேன். அத்தண்டனை முறையன்று என்பதைப் பின்னாளில் சித்திர வரலாறே எனக்கு உணர்த்திற்று.

ஐரோப்பாவில் கேலிச்சித்திரக் கலை செழித்தது 18ஆம் நூற்றாண்டில். உரோமாபுரியில் கெட்சி என்னும் ஓவியர் பேனாவும் மையுமே கருவியாகக் கொண்டு எண்ணற்றோரை வரைந்தார். அவற்றுள் 1723இல் இசைமேதை விவால்டியை வரைந்தது புகழ்பெற்றது. மூக்கு மிகப் பெருத்திருக்கிறது. எனினும் விவால்டியின் பட்டப்பெயரும், இசைநாடகம் நடந்த அரங்கும், ஆண்டும் படத்திலேயே குறிக்கப்பட்டுள்ளன. இலண்டனில் ஹோகார்த் 1743இல் வெளியிட்ட படமொன்றில் ஏறத்தாழ நூறு முகங்கள். ஒன்றைப்போல் மற்றொன்று இல்லை.

அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் நம் தஞ்சாவூர் ஓவியர்களும் மனித உருவங்களை வரைந்தனர். வாங்கியோர் கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகஸ்தர். தாளுக்கு ஒரு கணவனும் மனைவியும், கையில் தொழிற்கருவி. ஆடையின் மடிப்பும் அணிகலனும் வெகு நேர்த்தி. ஆனால் தாளில் எழுதப்பட்டது பெரும்பாலும் குலத்தின் பெயரோ தொழிலின் பெயரோதான்; நின்றவன் பெயரன்று. ஓவியனைக் குறை கூறுவதற்கில்லை. விலை கொடுத்தோர் விரும்பியது அதுவே.

அளவு பிசகாமல் வரைந்த படத்தில் ஆள் மறைந்தான். அளவு மீறி வரைந்த படத்தில் ஆள் நின்றான். இது விந்தையன்றோ?

தூரிகைக்குப் பின் புகைப்படக் கருவி வந்தும் இவ்வழக்கம் மாறவில்லை. நீலகிரியின் முதல் கமிஷனர் பிரீக்ஸ் எழுதி, அவர் மறைந்தபின் 1873இல் வெளிவந்த நூலில், தோடரும் கோத்தரும் குறும்பரும் இருளரும் குலவாரியாகவே காட்டப்பட்டனர்.

என் மூக்கை நீட்டிய மாணவன், 'ஆசிரியர்' என்றொரு வகையை வரையவில்லை, என்னையே வரைந்தான். அம்மரியாதையை அன்று நான் அறிந்திலேன்.

ஆதலின் நேயர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் இல்லங்களில் பழைய படங்கள் இருக்குமாயின், அடையாளம் சொல்லக்கூடிய பெரியவர்கள் உள்ளபோதே, படத்தில் நிற்பவர் யாரெனக் கேட்டறிந்து, பின்புறத்தில் பெயரை எழுதி வையுங்கள். தோட்டத்துக் கூலியாளாயினும் காட்டுக் குடியினராயினும் அவருக்கும் ஒரு பெயர் உண்டு.