முதியோர் உதவித்தொகை உயர்வும் உணவு உதவியும்

தமிழ்நாட்டில் 1962-இல் மாதம் 20 ரூபாயுடன் தொடங்கிய முதியோர் உதவித்தொகை 2011-இல் 1,000 ரூபாயாகவும், 2023-இல் 1,200 ரூபாயாகவும் உயர்ந்தது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பகுதி முதியோர் இதற்கு வட்டாட்சியர் அலுவலகம் வழியே விண்ணப்பிக்கின்றனர். அம்பத்தூர் வட்டம் 2018 முதல் சென்னை மாவட்டத்தில் உள்ளது. மற்ற இரண்டும் திருவள்ளூர் மாவட்டத்தில்.

பணத்துடன் இலவச அரிசியும் உண்டு. சத்துணவு மையத்தில் உண்பவருக்கு மாதம் 2 கிலோ, உண்ணாதவருக்கு 4 கிலோ. அளவைத் தீர்மானிப்பது சாப்பிடும் இடம்தான்; தொகை உயர்ந்ததால் அரிசி குறைவதில்லை.

கனடாவின் ஒன்டாரியோவில் நிலைமை வேறு. அங்கே மாற்றுத்திறனாளி உதவி பெறுபவருக்கு நோய்க்கேற்ற உணவுப்படி தனியே கிடைக்கும். ஆனால் கூட்டரசு ஓய்வூதியம் ஏறினால் மாகாண உதவி அதே அளவு வெட்டப்படும். உதவி முற்றிலும் நின்றால் உணவுப்படியும் ஆபத்துக்குள்ளாகும்.

தமிழ்நாட்டில் அந்த வெட்டு இல்லை. நோய்க்கேற்ற படியும் இல்லை. காசநோயாளிக்கு மட்டும் நிக்ஷய் போஷண் திட்டத்தில், வருமானம் பாராமல், மாதம் 1,000 ரூபாய் தரப்படுகிறது. 2024 நவம்பருக்கு முன் அது 500. நீரிழிவோ சிறுநீரகக் கோளாறோ உள்ள முதியவர் 1,200 ரூபாய் உதவித்தொகையில், அதாவது நாளுக்கு 40 ரூபாயில்தான் பருப்பும் முட்டையும் காய்கறியும் வாங்கியாக வேண்டும். சர்க்கரை நோயாளிக்கு அரிசியையே உதவியாகக் கொடுப்பது முதியோர் உதவித்தொகைத் திட்டத்தின் பெருங்குறை.