கரிசல் எழுத்தாளரும் வாழ்வுத்தொழிலும்: இடைசெவலை முன்வைத்து

கரிசல் இலக்கியத்தை நிலத்தின் வழியே விளக்குவது திறனாய்வு வழக்கு. எழுத்தாளர்தம் வாழ்வுத்தொழில் அவ்விளக்கத்தில் உரிய இடம் பெறுவதில்லை. கயத்தாற்றுக்கும் கோவில்பட்டிக்கும் இடையிலுள்ள இடைசெவல் இக்குறையை உணர்த்தும் தக்க சான்றாகும்.

கு. அழகிரிசாமியும் (1923–1970) கி. ராஜநாராயணனும் அவ்வூரில் பிறந்த நண்பர்கள். ஏறத்தாழ ஒத்த வயதினர். பத்திரப்பதிவு அலுவலக எழுத்தர் பணியை விட்டுச் சென்னை சென்ற அழகிரிசாமி, பிரசண்ட விகடன், சக்தி ஆகிய இதழ்களிலும், 1950களில் மலாயாவின் தமிழ்நேசனிலும், பின்னர் நவசக்தியிலும் பணியாற்றினார். அவரது எழுத்து சிறுகதையோடு அமையாது கட்டுரை, மொழிபெயர்ப்பு, பதிப்பு எனப் பரந்தமைக்கு இதழ்ப்பணிச் சூழலும் ஒரு காரணம் எனலாம்.

ஊரிலேயே உழவராக வாழ்ந்த கி.ரா., 1950களின் இறுதியில்தான் சிறுகதையாளராகக் கவனம் பெற்றார். காலம் தாழ்ந்தாலும், ஊர்ப்பேச்சோடு அறுபடாதிருந்த உறவு 1982இல் வெளிவந்த கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதிக்கு அடித்தளமாயிற்று.

அடுத்த தலைமுறையில் பூமணி கூட்டுறவுத் துறை அலுவலர், சோ. தர்மன் நூற்பாலைத் தொழிலாளி. மேலாண்மை பொன்னுச்சாமி சிறுகடை நடத்தியவர். எழுத்துக்கு வெளியே வருவாய் தேடிக்கொண்ட இம்மூவரும் சாகித்திய அகாதெமி விருதைத் தம் வாழ்நாளிலேயே பெற்றனர். எழுத்தையே பிழைப்பாகக் கொண்ட அழகிரிசாமிக்கோ அவ்விருது மறைவுக்குப் பின்னரே கிட்டியது.

மண் ஒன்றாயினும், எழுதக் கிடைத்த நேரமும் தேர்ந்த வடிவமும் பிழைப்புக்கேற்ப வேறுபட்டன. ஆகவே கரிசல் இலக்கிய வரலாறு, நிலவியலோடு எழுத்தாளரின் ஊதியத்தையும் உழைப்பையும் சேர்த்தே எழுதப்பட வேண்டும்.