இல்லப் பொருள்களில் உறையும் வரலாறு

அரசர்தம் வாளையும் கேடயத்தையும் வரலாறாகப் போற்றுவோர் பலர். பாக்குவெட்டியைப் போற்றுவோர் அரியர். அவ்வரியோருள் ஒருவர் புணே நகரத்து மராத்திக் கவிஞர் தினகர் கேள்கர். 1920ஆம் ஆண்டையொட்டிப் பழம்பொருள்களைத் திரட்டத் தொடங்கிய இவர், இளவயதில் மறைந்த தம் ஒரே மகன் ராஜாவின் பெயரையே அத்தொகுப்புக்குச் சூட்டினார். ஊர்தோறும் சென்று, விளக்குகள், வெற்றிலைப் பெட்டிகள், மைக்கூடுகள், செதுக்கு வேலைப்பாடமைந்த கதவுகள் முதலியவற்றைச் சேர்த்தார். 1975இல் அனைத்தையும் மகாராட்டிர அரசிடம் ஒப்படைத்தார். ராஜா தினகர் கேள்கர் அருங்காட்சியகத்தில் இன்று ஏறத்தாழ 20,000 பொருள்கள் உள்ளன. மனித உருவிலும் விலங்குருவிலும் அமைந்த பாக்குவெட்டிகளைக் காணுங்கால், அன்றாடக் கருவியையும் அழகுபடுத்திய பெயரறியாக் கைவினைஞர் நம் கண்முன் தோன்றுவர்.

இதனை எழுதுகையில் என் நெஞ்சு உறுத்துகின்றது. எங்கள் சிற்றூர் வீட்டைப் பிரித்தபோது, பாட்டியாரின் பித்தளை விளக்குகளை எடைக்கு விற்றோம். நெற்பத்தாயத்தின் பலகைகள் விறகாயின. அவற்றின் விலையை அறிந்திருந்தோம். அவற்றோடு வாழ்ந்தோரின் கதையைக் கேட்டறிந்தோமில்லை.

நும் இல்லங்களில் ஏட்டுப்பெட்டியோ ஊஞ்சற்பலகையோ எஞ்சியிருப்பின், அது யாருடையது, எவ்வாறு பயன்பட்டது என்பதை மூத்தோரிடம் கேட்டு, ஒரு தாளில் எழுதி அதனுடனேயே வைத்திடுக. பொருள் பேசாது, நாம் எழுதிவைப்பதே அதன் நா.